கராத்தே உண்மையில் எந்த நாட்டுக் கலை? சீனாவா, ஜப்பானா, கொரியாவா? போதிதர்மருக்குப் பங்கு உண்டா?

ஒரே ஊரைச் சொல்லு என்றால், இன்றைய ஜப்பானின் தென்கோடித் தீவான ஒகினாவா என்பேன். ஆனால் கதை அதோடு முடியாது.

பள்ளி நாட்களில் ஆறு வருடம் ஷோட்டோகான் கராத்தே கற்றேன். முதலில் சொல்லித்தந்த கட்டா, அதாவது வரிசை மாறாத அசைவுத் தொடர், 'ஹெய்யான் ஷோதான்'. இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஓர் அடி முன்வைத்துக் குத்து. பிற்பாடு டாங் சூ டோ என்ற கொரியச் சண்டைக்கலையின் காணொளி ஒன்றைப் பார்த்தால், 'பியுங் ஆன் சோ டான்' என்று அறிவித்துவிட்டு அதையே செய்கிறார்கள்! இரண்டு பெயரும் அமைதி என்று பொருள்படும் அதே இரண்டு சீன எழுத்துகள்தாம், உச்சரிப்புதான் வேறு. ஒகினாவாவில் அது 'பினான்'. 1900-களின் தொடக்கத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காக இதோசு அங்கோ என்ற ஆசான் அமைத்த கட்டா வரிசை அது.

ஒகினாவா 1879 வரை ரியூக்கியூ என்ற தனி அரசு. சீனாவின் ஃபுஜியன் கரையோடு நெடுங்கால வணிகம். உள்ளூர்ச் சண்டைக்கலைக்கு 'தே', அதாவது கை என்று பெயர். ஃபுஜியன் முறைகள் அதில் கலந்ததும் 'சீனக் கை' என்று எழுதினார்கள். ஃபுஜியனில் விரித்த கையோடு செய்யும் 'சான்சின்' என்ற கட்டா, ஒகினாவாவின் கராத்தே பிரிவான கோஜு-ரியூவில் மூடிய முஷ்டியோடு நடக்கிறது.

1922-இல் ஃபுனகோஷி கிச்சின் என்ற ஒகினாவா ஆசான் இதை டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். வெள்ளை உடையும் பெல்ட்டும் ஜூடோவிடம் வாங்கியவை. சீனாவோடு பகை முற்றிய காலத்தில் 'சீன' என்ற எழுத்து உறுத்தியது. அதைப் போலவே 'காரா' என்று ஒலிக்கும், ஆனால் 'வெறுமை' எனப் பொருள்படும் எழுத்தை அங்கே வைத்தார்கள். 1936-இல் ஒகினாவாவின் தலைநகரான நாஹாவில் கூடிய ஒகினாவா ஆசான்களும் அதை ஏற்றார்கள். நாம் சொல்லும் 'வெறுங்கை' அப்படி வந்ததுதான்.

இதில் வேடிக்கை, ஜப்பான் கழற்றிப்போட்ட பெயர் கொரியாவில் பிழைத்துக்கொண்டது. ஜப்பானின் காலனி ஆட்சியில் அங்கே படிக்கப் போன கொரிய இளைஞர்கள் கராத்தே கற்றுத் திரும்பிப் பள்ளிகள் தொடங்கினார்கள். 'டாங் சூ' என்பது அந்தப் பழைய 'சீனக் கை'யின் கொரிய உச்சரிப்பே. 1955-இல் இந்தக் கொரியக் கலைக்கு டேக்வாண்டோ என்ற பெயர் பிறந்தது. அப்புறம் உயர உதைகள் பெருகின, டேக்வாண்டோவுக்கெனப் புதிய வடிவங்களும் வந்தன. டாங் சூ டோக்காரர்கள் மட்டும் பியுங் ஆனை விடவில்லை.

சரி, போதிதர்மர். எனக்கும் ஆசைதான். ஆனால் சீனாவின் ஷாவோலின் மடத்து உடற்பயிற்சியை அவரோடு இணைக்கும் நூல் 1624-ஐச் சேர்ந்தது, அவருக்கு ஆயிரம் வருடத்துக்கும் பிந்தையது.