காலையில் 52 வோல்ட், பதினொரு மணிக்குத் திணறல்

கேள்வி: ஐயா, செந்தோசாவில் ஒரு விடுதியில் விருந்தினர்களை ஏற்றிச் செல்லும் கோல்ஃப் பக்கிகளைப் பராமரிக்கிறேன். ஒரு வண்டியில் 8 வோல்ட் ஆசிட் பேட்டரிகள் ஆறு உள்ளன. வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. காலையில் சார்ஜரைக் கழற்றியதும் மீட்டர் 52 வோல்ட் காட்டுகிறது. பதினொரு மணிக்கெல்லாம் மேடு ஏறத் திணறுகிறது. மூன்றாவது பேட்டரி மட்டும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது. ஆறையும் மாற்றச் சொல்கிறார் மேற்பார்வையாளர். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. ஒரு கோல்ஃப் மன்றத்தின் பக்கிப் பட்டறையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நல்ல பேட்டரிகள் ஐந்து, கெட்ட ஒன்றோடு சேர்ந்து பழைய இரும்புக்குப் போவதைப் பலமுறை பார்த்து மனம் வெந்திருக்கிறேன்.

முதலில் அந்த 52 வோல்ட்டை மறந்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றிய கையோடு பார்த்தால் எந்த பேட்டரியும் கூடுதலாகத்தான் காட்டும். ஆறு மணி நேரமாவது வண்டியை ஓட்டாமல் விட்டு, பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். முழு சார்ஜில் இருக்கும் 8 வோல்ட் பேட்டரி அப்போது ஏறக்குறைய 8.5 காட்டும். 8.1 அளவுக்கு இறங்கியிருந்தால் பாதிதான் மிச்சம். மீட்டர் முனையை கேபிளின் மீது வைக்காமல், பேட்டரியின் ஈய முனை மீதே வையுங்கள். கேபிள் தளர்ந்திருந்தாலும் பூத்திருந்தாலும் பழி பேட்டரி மேல் விழுந்துவிடும். மேடு ஏறி வந்தவுடன் எந்த இணைப்பாவது சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் குற்றவாளி அதுவாகவும் இருக்கலாம்.

ஓய்வில் எடுத்த அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூட சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக நடிக்கும். மீட்டரை கிளிப் போட்டு ஒரு பேட்டரியில் மாட்டிக்கொண்டு, உங்கள் வண்டி திணறும் அதே மேட்டில் ஏறச் சொல்லுங்கள். ஆறு பேட்டரிக்கும் இதே மேடு, இதே ஆட்கள். ஐந்து பேட்டரிகள் ஒன்றையொன்று ஒட்டியே இறங்க, ஒன்று மட்டும் இரண்டு வோல்ட் அதிகமாக விழுந்தால் அதற்குள் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம் (8 வோல்ட் பேட்டரி ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வோல்ட் செல்கள் நான்கு உண்டு). வரிசையாக இணைத்திருப்பதால் அந்த ஒரு செல்லே வண்டி முழுவதையும் நிறுத்திவிடும்.

எந்த செல் என்பதை, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சொல்லும். என் முதல் ஹைட்ரோமீட்டரை சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் வாங்கினேன். 2017இல் அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். கருவி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. ரப்பர் குமிழை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்ட பிறகு ஆசிட்டை உறிஞ்சுங்கள். உள்ளே மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல் நிற்க வேண்டும். கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். படித்ததும் ஆசிட்டை எடுத்த செல்லிலேயே விட்டுவிடுங்கள். முழு சார்ஜில் அடர்த்தி 1.265 முதல் 1.280 வரை இருக்கும். இந்தக் கருவிகள் பெரும்பாலும் 27 டிகிரிக்கு அளவிடப்பட்டவை, நம் ஊர் வெப்பத்துக்குப் பெரிய திருத்தம் தேவையில்லை. ஆனால் சார்ஜ் முடிந்த சூட்டில் ஆசிட் 40 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய 0.010 கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள். கலக்காத தண்ணீர்தான் மேலே வரும்.

மொத்தம் 24 செல்கள், 24 எண்கள். ஒரே பேட்டரியில் ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் சமன்படுத்தும் சார்ஜ் (எல்லா செல்களும் ஒரே நிலைக்கு வர, வேண்டுமென்றே கூடுதல் நேரம் ஏற்றுவது) ஒன்று கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஏறவில்லை என்றால் அந்த பேட்டரி முடிந்தது.

காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். செல்லுக்குள் இருக்கும் ஈயத் தகடு திரவத்துக்கு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் விட்டு, மீதியை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள்.

இன்னொன்று, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் ஸ்பேனர் இரண்டு முனைகளைத் தொட்டது, மோதிரமும் சேர்ந்து பழுத்துவிட்டது. அந்த விரலில் வட்டமாகத் தழும்பு நின்றுவிட்டது. ஸ்பேனர் கைப்பிடியில் மின்காப்பு நாடா சுற்றுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், சார்ஜ் ஆகும் இடத்தில் காற்று நன்றாக வரட்டும்.

ஐந்தாறு ஆண்டு ஆன தொகுதி என்றால் உங்கள் மேற்பார்வையாளர் பக்கம்தான் நிற்பேன். கிழடுகளுக்கு நடுவே புதியதைப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒன்றரை ஆண்டில் அந்த நியாயம் பொருந்தாது. அதே வகை, அதே ஆம்பியர் அளவில் ஒன்றை மட்டும் மாற்றலாம். உத்தரவாதச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் அதிகம் குடிப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்றாவது பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். 24 எண்களையும் தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.