பழைய காருக்குப் புது புஷ்: பில் இல்லாமல் வாங்காதீர்கள்

பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாமே சஸ்பென்ஷன் புஷ் பற்றியவை என்பதால் இந்த முறை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் வண்டியோடு சேரும் இடத்தில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சிறு ரப்பர் உருளைதான் புஷ்.

கேள்வி: அப்பாவின் பிரீமியர் பத்மினி. தோட்டத்து இட்டேரியில் போனால் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம். முன்பக்க வேலை மொத்தமும் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா? – காங்கேயம்

பதில்: எது ஆடுகிறது என்று அவரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆர்ம், அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, வண்டியோடு சேரும் இடத்தில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினால் நல்ல புஷ் கொஞ்சம் இசைந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். தேய்ந்தது லொடலொடக்கும். ரப்பர் வெடித்திருந்தாலோ, நடுவில் உள்ள இரும்புக் குழல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றாலோ மாற்ற வேண்டியதுதான். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அங்கே இருந்தால் சத்தத்துக்குக் காரணம் பேரிங்கோ ஜாயின்ட்டோ ஆக இருக்கலாம், புஷ் மாற்றி அது தீராது. வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் சொத்து. தருகிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: வீடியோ பார்த்துவிட்டேன். புஷ்ஷை நானே வீட்டில் மாற்றலாமா? – திருப்பூர்

பதில்: பின்பக்கம் மாற்றலாம். முன்பக்கம் வேண்டாம்.

இந்த இரண்டு வண்டிகளுக்குமே பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். வண்டியின் எடையைச் சேசிஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) அடியில் ஸ்டாண்டு வைத்துத் தாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். அச்சை வேறொரு ஜாக்கியில் தாங்கி, ஸ்பிரிங்கின் இறுக்கம் போனபின் அதை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளைக் கழற்றலாம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பழைய புஷ் அடித்தால் வராது. நீள போல்ட், வாஷர், சரியான அளவு சாக்கெட் வைத்து இழுத்தால் வந்துவிடும். புதியதை ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் போதும். இன்ஜின் ஆயிலும் சாதாரணக் கிரீஸும் இயற்கை ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும்.

பலர் கோட்டை விடுவது கடைசி முறுக்கில். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முறுக்கி முடித்தால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுகிக்கொண்டு நிற்கும். சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் அந்த முறுகல் போகாது, சீக்கிரமே கிழியும். முதலில் கையால் முடிந்த அளவு மட்டும் முறுக்குங்கள், வண்டியைத் தரையில் இறக்குங்கள், அதன் சொந்த எடையில் நிற்கும்போது முழுதாக இறுக்குங்கள்.

முன்பக்கம் பத்மினிக்கு அமுங்கிய சுருள் ஸ்பிரிங், அம்பாசடருக்கு ஸ்பிரிங் வேலையைச் செய்யும் முறுக்கேறிய தண்டு, டார்ஷன் பார். அந்த விசை கை தவறி விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. பட்டறைக் கூலியை மிச்சம் பிடிக்கும் இடம் அது இல்லை.

கேள்வி: ஆன்லைனில் பாலியூரித்தேன் புஷ் வாங்கினேன். கீச்சென்று கத்துகிறது. கூட வந்த கிரீஸைப் போடவில்லை. திருப்பி அனுப்பலாமா? – கோவை

பதில்: பொருளில் குறை இல்லை. போடச் சொல்லிக் கொடுத்ததைப் போடாமல் விற்றவரைக் குறை சொல்வது நியாயமில்லை. கழற்றி அந்தக் கிரீஸைத் தடவுங்கள்.

கேள்வி: உக்கடத்தில் பழைய சாமான் கடையில், பெட்டி பிரிக்காத முப்பது வருடத்து ஒரிஜினல் ரப்பர் புஷ் கிடைக்கிறது. வாங்கலாமா? – கோவை

பதில்: இரும்புப் பாகம் என்றால் வாங்குங்கள். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் மூப்படையும், இறுகும், வெடிக்கும். வேண்டாம்.

கேள்வி: ரப்பர் புஷ் ஒரு செட் வாங்கிப் போட்டேன். மூன்று மாதத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. கடைக்காரர், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற போர்டைக் காட்டுகிறார். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். – ஈரோடு

பதில்: உங்கள் மேல் தவறு இல்லை. அந்த போர்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். என் அம்பாசடருக்குப் பட்டை ஸ்பிரிங் புஷ் வாங்கியபோது நானும் இப்படித்தான் ஏமாந்தேன். பளபளப்பான உறை, பெரிய பெயர் ஒன்றைப் போலவே அச்சடித்த எழுத்து. அடுத்த மழைக்காலத்துக்குள் வெடித்துப் பிளந்தது. கேட்கப் போனேன், கடைக்காரர் காட்டியது இதே போர்டைத்தான்.

ரப்பரின் தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நல்லதும் கறுப்பு, குப்பையும் கறுப்பு. அதனால்தான் உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது, கையில் என்ன பில் இருக்கிறது என்பது இந்தப் பொருளுக்கு இவ்வளவு முக்கியம். தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை ஆகியவை உறையில் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதி. இவை இல்லாத புஷ்ஷை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காரை நேர்கோட்டில் ஓட வைக்கும் பாகம் அது, ஊர் பேர் தெரியாதவன் செய்ததை நம்பிக் குடும்பத்தை உட்கார வைத்து ஓட்டாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. உங்களுக்கு 30 நாள் கடந்துவிட்டது, சரி. ஆனாலும் குறையுள்ள பொருளை விற்றதற்காகப் புகார் செய்ய இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல கடைகள் அதிலேயே வழிக்கு வரும்.

துண்டுச் சீட்டையும், போனில் பணம் அனுப்பிய பதிவையும், உதிர்ந்த புஷ்ஷையும் பத்திரமாக வையுங்கள். ‘நீங்கள் மாட்டியது தப்பு’ என்றுதான் கடைக்காரர் சொல்வார். அந்தரத்தில் முறுக்கியதால் போன ரப்பர் பெரும்பாலும் முறுகிக் கிழிந்திருக்கும். எண்ணெய் பட்டது ஊதி, பிசுபிசுக்கும். மூன்றே மாதத்தில் காய்ந்து பொடியாக உதிர்ந்தால் சரக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ரப்பருக்குப் பதில் லேத்தில் நைலான் புஷ் கடைந்து போடலாமா? – கணபதி, கோவை

பதில்: வெளி இரும்புக் குழல் கடைய உங்கள் ஊர் லேத்தை விட நல்ல இடம் கிடையாது. நைலான் மட்டும் வேண்டாம். ரப்பர் முறுகிக் கொடுத்து ஆர்மை அசைய விடுகிறது, அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கிறது. நைலானில் அந்த அதிர்ச்சி நேராகச் சேசிஸுக்குப் போகும்.

கேள்வி: போட்டோ பார்த்தே அம்பாசடர் வாங்கினேன். புஷ் மாற்ற வண்டியைத் தூக்கினால் பட்டை மாட்டும் இடமே துருவில் கரைந்திருக்கிறது. விற்றவர் தனிநபர், வியாபாரி இல்லை. – பொள்ளாச்சி

பதில்: பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டாமா? இதையே எத்தனை முறை எழுதுவது? தன் சொந்த வண்டியை ஒரு முறை விற்றவர் வியாபாரி ஆகமாட்டார், எனவே நுகர்வோர் ஆணையம் உதவாது. சிவில் கோர்ட்தான் வழி. புஷ்ஷை இப்போது வாங்காதீர்கள். அந்த இடத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் முடியட்டும்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா? – கரூர்

பதில்: போதாது. இரண்டு பக்கமும் மாற்றுங்கள். முன்பக்கம் என்றால், அப்புறம் வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகுதான் நெடுஞ்சாலை ஏற வேண்டும்.