காசநோய் ஏழைகளுக்கு மட்டும்தான் வருமா? யாருக்கெல்லாம் தொற்று அபாயம் அதிகம்?

காசநோய்ப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் களப்பணியாளராக இருந்து, நோயாளிகளின் வீடுகளுக்கு மாத்திரையும் சளிக் குப்பியும் கொண்டு சென்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஏழைகளுக்கு மட்டும் வருவதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: கிருமி உடலில் புகுவது வேறு, அது நோயாக மாறுவது வேறு. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உடலில் இக்கிருமி புகுந்திருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்தான்.

வடசென்னையில் நான் பார்த்த ஒரு வீட்டைச் சொன்னால் இது விளங்கும். பத்துக்குப் பத்து அறை; இருந்த ஒரே சன்னலையும் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். தையல் வேலை செய்யும் இளைஞருக்குச் சளியில் கிருமி உறுதியாகியிருந்தது. மனைவி, இரண்டு வயது மகள், சர்க்கரை நோயுள்ள தாயார் ஆகிய மூவரும் அவரோடு அதே அறையில்தான் உறங்கினார்கள். மனைவி அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியே வைத்து வெந்நீரில் கழுவி வந்தார். அட்டையை மட்டும் யாரும் தொடவில்லை. இந்நோய் பாத்திரத்தால் பரவுவதில்லை, இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுகிறது.

ஆகவே கிருமி புகும் அபாயம் அதிகம் உள்ளவர்கள், நோயாளியோடு ஒரே காற்றை நீண்ட நேரம் சுவாசிப்பவர்கள்: முதலில் வீட்டார், பிறகு சிறைக் கைதிகள், நெரிசலான விடுதிகளில் தங்கும் புலம்பெயர் தொழிலாளர்கள், என்னைப் போன்ற சுகாதாரப் பணியாளர்கள். இதற்காக நோயாளியை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டியதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாரைவிடக் கூடுதல் ஆபத்து இல்லை என்று காட்டியது. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே பரவ வேண்டியது பெரும்பாலும் பரவிவிடுகிறது, மருந்து தொடங்கியபின் பரவல் வேகமாகக் குறைகிறது.

புகுந்த கிருமி நோயாக மாறுவது உடலின் எதிர்ப்பாற்றலைப் பொறுத்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு. புகை, மது, சிறுநீரகச் செயலிழப்பு, உறுப்பு மாற்றத்துக்குப் பின் உண்ணும் மருந்துகள் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. கல்குவாரியில் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களுடைய இருமலைத் தூசி இருமல் என்று அவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நோய் மூளை உறை வரை விரைவாகப் பரவக்கூடும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி இத்தகைய கடுமையான வடிவங்களைத் தடுக்கவே பெரிதும் உதவுகிறது.

இவை எல்லாவற்றையும்விட நம் நாட்டில் பெரிய காரணம் போதிய உணவின்மை. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. "ஏழைகளுக்கு மட்டுமா" என்று கேட்கத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். நெரிசலும் பசியும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

அந்தத் தையல்காரர் வீட்டில் குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்து ஆறு மாதத் தடுப்பு மாத்திரை தொடங்கினோம். தாயாரோ, "எனக்குத்தான் இருமலே இல்லையே தம்பி, எதுக்கு எக்ஸ்ரே?" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை மருமகளே ஆட்டோவில் அழைத்து வந்தார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிந்தது. சளிப் பரிசோதனையிலும் கிருமி இருந்தது. அடுத்த வாரம் இருவருக்குமான மாத்திரையோடு போனபோது, சன்னலில் அட்டை இருந்த இடத்தில் கொசுவலை அடித்திருந்தார்கள்.