வாசகர் கேட்டவை: தென்னைக்குப் பின்னால் துருவ நட்சத்திரம்

கேள்வி: 80 மில்லிமீற்றர் தொலைகாட்டி, ஈக்குவடோரியல் மவுண்ட் (வானத்தின் சுழற்சிக்கேற்பத் தொலைகாட்டியைத் திருப்பும் தாங்கி), டீ.எஸ்.எல்.ஆர். கமரா வைத்திருக்கிறேன். 30 செக்கனுக்கு மேல் எடுத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன. வடக்கே தென்னைகள் நிற்பதால் துருவ நட்சத்திரமும் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், நிலாவெளி

பதில்: தென்னையைத் தறிக்க வேண்டாம். திருகோணமலையில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏறக்குறைய 8.5 பாகை உயரத்தில்தான் நிற்கும். மரம் இல்லாவிட்டாலும் பல இரவுகளில் மூட்டம் மறைத்துவிடும். மவுண்டின் சுழல் அச்சு வானின் வடதுருவத்தை நோக்கினால்தான் நட்சத்திரங்கள் இழுபடாது. துருவ நட்சத்திரம் இல்லாமலே அந்த அச்சைச் சரிசெய்யலாம்.

பகலில் முற்றத்தில் ஒரு கம்பை நிமிர்த்தி நட்டு, சுற்றி வட்டம் கீறுங்கள். முற்பகலிலும் பிற்பகலிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு–மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்து வடக்கு. திசைகாட்டி வேண்டாம், மவுண்டின் இரும்பு ஊசியை இழுக்கும்.

இரவு முக்காலியை மட்டமாக்கி, அச்சை அந்த வடக்குக் கோட்டில் திருப்பி, மவுண்டின் உயர அளவை 8.5இல் வையுங்கள். இவ்வளவு தாழ்வில் பல மவுண்டுகளின் எடைத்தண்டு (தொலைகாட்டியைச் சமன்செய்யும் எடை கோத்த தண்டு) வடக்குக் காலில் முட்டும். முக்காலியைத் திருப்பி ஒற்றைக் காலைத் தெற்கே விட்டால் தண்டு மற்ற இரண்டுக்கும் நடுவே போகும்.

மோட்டரை ஓடவிட்டு, தெற்கு–வடக்கு உச்சிக்கோட்டில் (தெற்கிலிருந்து தலைக்கு மேலாக வடக்கே போகும் கற்பனைக் கோடு), வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) அருகே, அதாவது அநேகமாகத் தலைக்கு மேலே, ஒரு நட்சத்திரத்தை 5 நிமிடம் கவனியுங்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே பிசகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அடுத்து கிழக்கில், கடலுக்கு மேலே 20–30 பாகை உயரத்தில் ஒன்று. தெற்கே நழுவினால் அச்சு தாழ்வு. வடக்கே என்றால் உயர்வு. பார்வையில் தெற்கு எதுவென்று குழப்பமா? குழாயை மெல்ல வடக்கே தள்ளுங்கள். நட்சத்திரம் விலகும் பக்கம் தெற்கு. ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்றுக் குலையும், ஆகவே இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள்.

அதன்பின்னும் சில படங்கள் மட்டும் கிழக்கு–மேற்காக இழுபட்டால் குறை பல்லுச்சக்கரத்தில். எந்தப் பக்கமும் ஒழுங்கில்லாமல் துள்ளினால் கச்சான் காற்று. உண்மையில் 30 செக்கனே போதும்: ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளி உணர்திறன்) 1600இல் எடுத்த 120 படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மணிநேர ஒளி. தொடங்க, யூன் மாத நள்ளிரவில் 57 பாகை உயரத்தில் நிற்கும் எம்8 நெபுலா (தனுசு விண்மீன் குழுவிலுள்ள வாயு முகில்) நல்லது.

கேள்வி: நள்ளிரவுக்குப் பிறகு படங்கள் மங்குவது ஏன்?
– வாசகி, உப்புவெளி

பதில்: முகப்பு வில்லையில் பனி படிகிறது. 12 வோல்ற் சூடாக்கும் பட்டியைப் படிந்த பிறகல்ல, தொடக்கத்திலேயே போடுங்கள். துணியால் துடைக்காதீர்கள், கடற்காற்றின் உப்புத்துகள் வில்லையைக் கீறிவிடும்.