வெடித்த பலகைக்கு வண்ணத்துப்பூச்சிக் கட்டை

கேள்வி: தூங்குமூஞ்சி மரத்தில் ஒரே பலகையாக, 6 அடிக்கு 3 அடி, 2 அங்குல கனத்தில் ஜப்பானிய பாணி மேசைக்குச் சொல்லியிருக்கிறோம். பலகையின் ஒரு முனையில் 14 அங்குல நீளத்துக்கு வெடிப்பு. ஆசாரி மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடலாம் என்கிறார். சரியா? - வாசகி, கோவை

பதில்: அடைக்க விடாதீர்கள். வெயில் காலத்தில் வெடிப்பு விரியும்போது அடைப்பு விட்டுப்போகும். மழைக்காலத்தில் மரம் உப்பினால் அதே அடைப்பு ஆப்பு மாதிரி நெருக்கி வெடிப்பை இன்னும் உள்ளே ஓட்டும்.

ஜப்பானியத் தச்சர்கள் வெடிப்பை மூடுவதில்லை. இரு பக்கத்தையும் பிடித்துவைக்க, இடை சிறுத்த வண்ணத்துப்பூச்சிக் கட்டையைப் பதிப்பார்கள். இன்று இது உலகெங்கும் தெரிவதற்கு முக்கியக் காரணம் ஜார்ஜ் நகஷிமா என்ற அமெரிக்க மரச்சாமான் கலைஞர். புதுச்சேரி கோல்கொண்டா விடுதியின் கட்டுமானத்தை 1930களின் இறுதியில் மேற்பார்த்தவர். பின்னர் இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த அமெரிக்காவின் மினிடோகா முகாமில் இருந்தபோது, கென்டாரோ ஹிகொகாவா என்ற தச்சரிடம் கைவேலை கற்றார்.

முதலில் ஈரத்தை அளந்து பாருங்கள். 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். 3 அடி அகலத்தில், ஈரம் 4 சதவீதம் இறங்கினாலே பலகை 3, 4 மி.மீ. சுருங்கும்.

உங்கள் பலகைக்கு இரண்டு கட்டை போதும். ஒன்று முனையிலிருந்து 3 அங்குலம் உள்ளே, மற்றது வெடிப்பு முடியும் இடத்துக்குச் சற்று முன்னால். ஈட்டி அல்லது தேக்கின் வைரத்தில் (கெட்டியான உள்மரத்தில்) 4 அங்குல நீளம், இரு முனையிலும் 2 அங்குல அகலம், இடையில் 1 அங்குலம். கட்டையின் இழை நீளவாக்கில் ஓட வேண்டும், அதாவது வெடிப்புக்குக் குறுக்காக. இழை மாறினால் இடுப்பில் படக்கென்று முறியும். பெரும்பாலும் தவறு இங்கேதான். கட்டையை முதலில் செய்து, பலகைமேல் வைத்துக் கத்தியால் வரைந்து, கோட்டுக்கு உள்ளேயே நின்று உளியால் 1 அங்குல ஆழம் எடுக்கட்டும். கட்டையின் அடி விளிம்பை மட்டும் மயிரிழை சரிவாகச் சீவினால் கொட்டாப்புளி அடிக்கு இறுகி இறங்கும். 2 மி.மீ. மேலே நிற்க விட்டு, பசை காய்ந்தபின் இழைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கித் திருகினால் வேறோர் இடத்தில் வெடிக்கும். திருகுத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் 10 மி.மீ. நீள்துளைகளாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜப்பானிய மரச்சாமான்களில் ஆணியே இருக்காதாமே? - வாசகர், திருநெல்வேலி

பதில்: எல்லாவற்றிலும் அப்படி இல்லை. 'தான்சு' பெட்டகங்கள் பலவற்றில் இரும்புப் பட்டையும் ஆணியும் பளிச்சென்று தெரியும். ஆனால் கிரி (பவுலோனியா) என்ற இலேசான மரத்தில் செய்த இழுப்பறைகளை உட்சுகி என்ற கெட்டி மரத்தில் சீவிய முளைகளால் சேர்ப்பார்கள். பழசான கிரி பெட்டகத்தைக் கழுவி, மேல்தோலை இழைத்துப் புதுப்பிப்பது அங்கே வழக்கம். மரமுளை இழைப்புளியோடு சேர்ந்து இழையும். இரும்பாணி என்றால் அலகு பல் போய்விடும்.