முப்பது நொடியும் ஒரு தேநீர்க் கெண்டியும்

அன்புள்ள ஐயா,

லெஸ்டரில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே மத்தியானம் ‘கவுண்ட்டவுன்’ என்று ஒரு நிகழ்ச்சி. ஒன்பது எழுத்தைக் கொடுத்து வார்த்தை கண்டுபிடி என்கிறார்கள். ஆறு எண்ணைக் கொடுத்துக் கணக்குப் போடு என்கிறார்கள். ஜெயித்தால் கோடியா, லட்சமா? ஒரு தேநீர்க் கெண்டி! நாற்பது வருஷமாக இதை எப்படிச் சலிக்காமல் பார்க்கிறார்கள்? நம் சேனல்களில் ஏன் இப்படி ஒன்று இல்லை?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள அம்மா,

அந்தக் கெண்டிதான் காரணம் என்பது என் கட்சி. பரிசு கோடி என்றால் அம்மாவை மேடைக்கு அழைக்க வேண்டும், கடன் கதை கேட்க வேண்டும், நடுவில் அழவைக்க வேண்டும். கெண்டிக்கு யார் அழுவார்கள்? மிச்சமாகும் நேரமெல்லாம் விளையாட்டுக்கே. சொல் விளையாட்டு நம்மிடமும் வந்தது, விஜய் டிவியில் ‘ஒரு வார்த்தை ஒரு லட்சம்’. தலைப்பிலேயே லட்சம் வந்து உட்கார்ந்துவிட்டது, பாருங்கள்.

மூலச் சரக்கு பிரான்ஸுடையது. அங்கே 1965-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் 1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 பிறந்தபோது முதலில் ஒளிபரப்பானதே கவுண்ட்டவுன்தான். தாயை 2024-இல் நிறுத்திவிட்டார்கள். பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்குச் சுற்றைக் கவனித்தீர்களா? 25, 50, 75, 100 பெரிய எண்கள்; 1 முதல் 10 வரை சின்னவை. வந்த ஆறு எண்ணைக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்து, கொடுத்த இலக்கை 30 நொடிக்குள் எட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் தொடலாம், பின்னம் வரக் கூடாது. 1997-இல் ஒருவருக்கு நாலு பெரிய எண்களும் 3, 6-உம் வந்தன. இலக்கு 952. அவர் 100-உடன் 6-ஐக் கூட்டினார், 3-ஆல் பெருக்கினார், 318. அப்புறம் அதை 75-ஆல் பெருக்கினார்! 23,850. ஆயிரத்துக்குள் முடிய வேண்டிய கணக்கு இருபத்து மூவாயிரத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. 50-ஐக் கழித்து 25-ஆல் வகுத்தார். சரியாக 952. இதை 30 நொடியில் ஒரு மனிதர் யோசித்தார் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

எழுத்துச் சுற்றைத் தமிழில் ஆட முடியுமா என்று பேத்தியோடு அட்டை வெட்டிப் பார்த்தேன். 247 எழுத்துக்கும் அட்டை போட்டால் ஙூ, ஞௌ என்று வந்து கழுத்தறுக்கிறது. உயிர் தனி, மெய் தனி என்று பிரித்தோம். அங்கே போட்டியாளர் கேட்பதும் ‘ஓர் உயிர், ஒரு மெய்’ என்றுதானே. ‘கடல்’ எழுத க், அ, ட், அ, ல் என ஐந்து அட்டை வேண்டும். அதனால் ‘அ’ நிறைய வெட்ட வேண்டியிருந்தது. பேத்தி கடைசியில் ஓர் ஐ சேர்த்து ‘கடலை’ என்றாள். வேற்றுமை உருபு ஏறிய சொல் செல்லாது என்றேன். “இது வேர்க்கடலை, தாத்தா” என்றாள். கவுண்ட்டவுனில் இந்த மாதிரி வழக்கைத் தீர்க்க 1992 முதல் சூசி டென்ட் அகராதியோடு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஆறு புள்ளி கொடுத்துவிட்டேன்.

மகன் அடுத்த முறை போனில் வரும்போது இதைக் கொடுத்துப் பாருங்கள்: 75, 50, 8, 7, 3, 2. இலக்கு 812. கடிகாரத்தை நீங்கள் பிடியுங்கள்.