அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதுகிறார்கள், என்ன செய்வது?

வணக்கம் அம்மா.

நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான், ஆனால் அதற்குள் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. மகன் பி.காம். முதல் ஆண்டு, கூடவே ஆடிட்டர் படிப்பின் முதல் தேர்வான சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கும் படிக்கிறான். ஊரிலிருந்து வந்து உங்கள் பெரம்பூர் வீட்டில் தங்கியிருக்கும் அக்கா மகன் பி.எஸ்சி. வேதியியல். ராத்திரியானால் மூவரும் கேள்வியை செல்போனில் படம் எடுத்துப் போட்டு, வருகிற விடையை அப்படியே தாளில் எழுதுகிறார்கள், போனைப் பிடுங்கி வைக்கட்டுமா, டியூஷன் வைக்கட்டுமா என்கிறீர்கள்.

போனைப் பிடுங்காதீர்கள். கல்லூரி அறிவிப்பு, ஆசிரியர் அனுப்பும் குறிப்பு எல்லாம் அதில்தான் வருகிறது. பிடுங்கினால் நண்பன் போனில் பார்ப்பார்கள். டியூஷன் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு: வந்த விடை சரியா தப்பா என்று பிள்ளைக்குத் தானாகச் சொல்லத் தெரிகிறதா? தெரிந்தால், உதவி சாட்ஜிபிடியிலிருந்து வந்தாலும் சீனியர் அக்காவிடமிருந்து வந்தாலும் குடி முழுகிவிடாது. தெரியவில்லை என்றால், சொந்தமாகப் போட்ட கணக்காக இருந்தாலும் எனக்குக் கவலைதான். வேலை பார்க்கும் இடத்தில் கடைசிப் பக்கத்தில் விடை அச்சிட்டுத் தரமாட்டார்கள்.

மூவரில் உங்கள் மகளைப் பற்றித்தான் முதலில் யோசித்தேன். மற்ற இருவர் தப்புப் போட்டால் மதிப்பெண் போகும். அவள் தப்புப் போட்டால் ஒரு நாள் நோயாளியின் உடம்பில் போய் நிற்கும்.

நர்சிங்கில் வழக்கமாக வரும் கேள்வி ஒன்று: 500 மி.லி. சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? போனில் கேட்டால் 21 என்று பளிச்சென்று வரும். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் (சலைன் ஏற்றும் குழாய்) என்று அதுவாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. 15 சொட்டு செட்டாக இருந்தால் விடை 16. குழந்தைகளுக்குப் போடும் 60 சொட்டு மைக்ரோ செட் என்றால் 62, 63 வரும். கேள்வி ஒன்று, விடை மூன்று. எந்த செட் என்று உறையில்தான் அச்சிட்டிருக்கும். ஆகவே மகள் 21 என்று எழுதியிருந்தால், "எந்த செட்டுக்கு?" என்று கேளுங்கள். அவள் விழித்தால் விஷயம் புரிந்துவிடும்.

இன்சுலின் இன்னும் நுணுக்கமானது. நம் ஊரில் ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. அதனதன் சிரிஞ்சு வேறு: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் '20' என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். டாக்டர் எழுதிக் கொடுத்தது 20 யூனிட் என்றால், இது இரண்டரை மடங்கு. சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கணக்கை நோட்டில் சரியாகப் போட்ட மாணவிகூடக் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்க்கப் பழகவில்லை என்றால் இங்கே வழுக்குவாள்.

கேர் பிளான், அதாவது ஒரு நோயாளியை எப்படிக் கவனிக்க வேண்டும் என்ற திட்டம், எழுதுவதிலும் இதே கதை. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிய ஒன்றை ஒரு மாணவி என்னிடம் காட்டினாள். நோயாளிக்குத் தொடை எலும்பு முறிவு, காலை இழுத்துக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று முதல் பக்கம் சொல்கிறது. மூன்றாம் பக்கத்தில், தினமும் இருமுறை வராந்தாவில் நடக்க வைக்க வேண்டும் என்று இருக்கிறது! படித்தவுடன் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுதும்போது ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. உங்கள் மகளுக்கு வெளிநாட்டு ஆசை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுதும் கணினித் தேர்வில் மருந்தளவுக் கணக்குக்கென்றே தனிப் பகுதி உண்டு. அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்க எழுதும் என்கிளெக்ஸ் தேர்விலும் இந்தக் கணக்குகள் வரும். இரண்டாம் ஆண்டிலேயே கை பழகட்டும்.

அடுத்து மகன். கணக்குப்பதிவியலில் ஒரு வசதி உண்டு, தப்பு எங்கே என்று கணக்கே துப்புக் கொடுக்கும். எல்லாக் கணக்கின் பற்றையும் வரவையும் கூட்டிச் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வில் இரண்டு பக்கமும் 900 ரூபாய் இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 ஒன்பதால் வகுபடுகிறது. அப்படி வந்தால் எங்கோ எண்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 5,400 என்பதை 4,500 என்று எழுதியிருப்பான். அது இல்லையென்றால் வித்தியாசத்தில் பாதியைத் தேட வேண்டும். 450 ரூபாய்ப் பதிவு ஒன்று பற்றுப் பக்கம் போவதற்குப் பதில் வரவுப் பக்கம் போயிருக்கலாம். இந்தத் துப்பறியும் வேலையைச் செய்யாமல் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் (காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கு) தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற பிள்ளைகள் நிறைய.

இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் மட்டும் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவை இயந்திரக் கணக்கிலேயே பற்று எழுதினாலும் இருப்பாய்வு சமமாகத்தான் நிற்கும். ஆனால் லாபம் கூடுதலாகத் தெரியும், சொத்தும் கூடுதலாகத் தெரியும். டேலி மென்பொருள் கூட்டலைப் பார்த்துக்கொள்ளும். எந்தச் செலவு எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யத்தான் ஆடிட்டர் ஆபீசில் ஆள் வைக்கிறார்கள்.

சி.ஏ. ஃபவுண்டேஷனில் நான்கு தாள். முதல் இரண்டு விரிவாக எழுத வேண்டியவை, கடைசி இரண்டு கொள்குறி வகை, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. கொள்குறித் தாளில் தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். தாளுக்கு 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இதில் பார்த்து எழுதிய பழக்கம் ஒரு பைசாவுக்கு உதவாது. அவன் தமிழ்வழியில் வந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: பழைய பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகங்களைக் கடையில் போட்டுவிடாதீர்கள். பல நேரம் கணக்கு அவனுக்குத் தெரியும், ஆங்கிலத்தில் கேள்வி என்ன கேட்கிறது என்பதில்தான் நின்றுவிடுவான், அப்போது அந்தப் புத்தகத்தின் தமிழ்ச் சொல் கைகொடுக்கும்.

அக்கா மகனைப் பற்றிச் சுருக்கமாக. வேதியியலோடு துணைப்பாடமாக வரும் அலைடு மேத்ஸில் தொகையிடல் கணக்கைப் போட்டுவிட்டு, வந்த விடையை வகையிட்டுப் பார்த்தால் கேள்வி திரும்ப வர வேண்டும், இரண்டு நிமிட வேலை. செய்யச் சொல்லுங்கள். செய்முறை அளவீடுகளை எழுதும் வேதியியல் ரெக்கார்டில்தான் அவனைக் கொஞ்சம் உலுக்க வேண்டும். பக்கத்து பெஞ்சு அளவீட்டைக் காப்பி அடித்தவனை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கண்டுபிடிப்பது சுலபம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரும் ஊதாவாக இருப்பதால் பியூரெட்டில் (கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவெடுப்பார்கள். நிறமில்லாத கரைசலுக்குக் கீழ் வளைவு. கையால் செய்தவன் இதை யோசிக்காமல் சொல்வான். ஆலத்தூர் பக்கம் மருந்து கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு வேலைக்குப் போனால் அளவீட்டை அப்போதைக்கப்போதே பேனாவில் எழுத வேண்டும், திருத்தினால் ஒரே கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குப் போய் அழகாகப் படியெடுக்கிற வேலைக்கு அங்கே இடமே இல்லை. எம்.எஸ்சி.க்கு ஐஐடி போக ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதப் போகிறான் என்றால், அதில் ஒரு பகுதிக் கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க விடைகளே இருக்காது, எண்ணை அவனே அடித்து உள்ளிட வேண்டும்.

இப்போது டியூஷன். மகளுக்கு வேண்டாம். வார்டில் கூட இருக்கும் டியூட்டர்தான் அவளுக்குச் சரியான ஆள். மகனுக்கு அடிப்படைப் பேரேட்டுப் பதிவே தடுமாறுகிறது என்றால் மட்டும் கொஞ்ச நாளைக்கு வைக்கலாம். அக்கா மகனுக்கு பிளஸ் டூ வகைநுண்கணிதம் ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காசு வாங்கிக்கொண்டு அசைன்மென்ட் எழுதிக் கொடுக்கும் ஆட்கள் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க விடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பெரும்பாலும் நூற்றில் 25தான் அகமதிப்பெண், அசைன்மென்ட் அதிலும் ஒரு பகுதி. மீதி 75-ஐ ஹாலில் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும்.

உதவி கேட்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. "சார், இந்தக் கணக்கு வரல" என்று வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினால் எந்த ஆசிரியரும் விடையைத்தான் திருப்பி அனுப்புவார். "900 இடிக்குது சார், ஒன்பதால வகுபடுது, ரொக்க ஏடும் கொள்முதல் ஏடும் பார்த்துட்டேன், அடுத்து எதைப் பார்க்கணும்?" என்று கேட்கிற பையனுக்கு அவர் போன் போட்டே பேசுவார். சாட்ஜிபிடியிடமும் இப்படியே கேட்கலாம்: விடையைச் சொல்லாதே, என் வழியில் எந்த வரி தப்பு என்று மட்டும் சொல் என்று.

"நான் பத்தாவதுதான், எனக்கு என்ன புரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாடம் புரிய வேண்டியதில்லை அம்மா. சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவரிடம், "இது சரின்னு எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளையின் கண் தாளுக்குப் போகிறதா, போனுக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த நாளிலிருந்து பதிலையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்.

மூன்று பேர் படிக்க வீட்டில் இடம் நெருக்கடி என்றால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. பெரம்பூரிலிருந்து தூரம்தான், வாரம் ஒரு நாள் போய்வரலாம்.

மகளுக்கு வார்டு டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து மூவரையும் அழைத்து வாருங்கள். திருத்தி வந்த தாள்களை எடுத்து வரட்டும், மதிப்பெண் குறைந்ததை ஒளிக்க வேண்டாம். அக்கா மகனிடம் ஃபேர் ரெக்கார்டு வேண்டாம், ஆய்வகத்தில் எழுதிய ரஃப் நோட்டு போதும் என்று சொல்லிவிடுங்கள்.